ஊர்ப்பெயர் பெற்ற இனிப்புகள்

திருநெல்வேலி என்றதும் அல்வாவும், ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் பால்கோவாவும் நம் நினைவுக்கு வருகின்றன. இவ்விரண்டையும் அவ்வூர்களில் கடை வைத்துப் புகழ் பெறச் செய்தவர்கள் உள்ளூரார் அல்லர். வடக்கிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தார். வந்தவர் கைத்தொழில் ஊரின் சொத்தான வரலாற்றைப் பால் ஊற்றும் அங்கத்தினரும் தறி நெய்யும் அங்கத்தினரும் அறிந்துகொள்வது நலம். ஓர் ஊரின் பெயரால் வரும் வருவாய் யார் யாருக்குச் சேர வேண்டும் என்னும் கேள்வி அதனுள் அடங்கியிருக்கிறது.

அல்வா என்பதே அரபுச் சொல். இனிப்பு என்று பொருள்படும். சொக்கம்பட்டி ஜமீன்தார் வடநாட்டு யாத்திரையில் அதனைச் சுவைத்து மகிழ்ந்து, அதைக் கிண்டத் தெரிந்த இராஜபுத்திரக் குடும்பத்தினரைத் தம்முடன் அழைத்து வந்தார் என்பது திருநெல்வேலி வட்டாரத்தில் வழிவழியாக வரும் செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்கள் வழியினர் திருநெல்வேலியில் கடை திறந்தனர். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே மங்கிய விளக்கில் மாலையில் விற்பனை தொடங்கிய கடை, ‘இருட்டுக்கடை’ என்றே பெயர் பெற்றது. சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். சுவைக்குக் காரணம் தாமிரவருணித் தண்ணீர் என்பர் அவ்வூரார். தண்ணீரின் பெருமை ஒருபுறம் இருக்கட்டும். அடுப்பருகே நின்ற கைகளின் பெருமையையும் நாம் மறத்தலாகாது.

இவ்வாறு இனிப்புத் தொழிலால் அயலூரில் காலூன்றியவர் நம் நாட்டில் மட்டும் இல்லை. கிரேக்கர்களின் கதை விவசாயிகளாகிய நம் அங்கத்தினர்களுக்கு மிகவும் ஏற்றது. பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களைப் பூச்சி அழித்த காலத்தில், கிரேக்கத்தின் தென்பகுதி உழவர்கள் உலர்திராட்சைக்குக் கிடைத்த நல்ல விலையைக் கண்டு மற்றப் பயிர்களைக் கைவிட்டு அதனையே பயிரிட்டனர். பிரெஞ்சுத் தோட்டங்கள் மீண்டன. சுங்க வரியும் உயர்ந்தது. 1893-இல் விலை சரிந்தது. அவ்வாண்டிலேயே கிரேக்க அரசும் கடனைச் செலுத்த இயலாத நிலையை அடைந்தது. ஒரே பயிரை நம்பிய உழவரின் பிள்ளைகள் கப்பல் ஏறினர். 1890 முதல் 1924 வரை ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் அமெரிக்கா சென்றனர்.

அவர்களிற் பலர் காலணி துடைத்தும் தெருவில் கூவி விற்றும் பிழைத்தனர். சிறிது பொருள் சேர்ந்ததும் மிட்டாய்க் கடை வைத்தனர். செப்புக் கொப்பரையும் சலவைக்கல் மேடையும் இருந்தால் தொழிலைத் தொடங்கலாம். மாமன் கடையில் மருமகன் கூலியின்றியோ குறைந்த கூலிக்கோ தொழில் பழகுவான். பிறகு உறவினர் கொடுத்த கடனைக் கொண்டு அடுத்த சிற்றூரில் தன் கடையைத் திறப்பான். நமக்குச் சங்கம் தரும் முதலையும் பயிற்சியையும் அவர்களுக்கு உறவுமுறை தந்தது. ஆயினும் அதில் வயதில் இளையவர் உழைப்பு மலிவாகச் சுரண்டப்பட்டதையும் சொல்லத்தான் வேண்டும். வெளியிலிருந்தும் தொல்லை இருந்தது. 1920-களில் கூ க்ளக்ஸ் கிளான் இயக்கத்தார் கிரேக்கர் கடைகளைப் புறக்கணிக்கத் தூண்டினர். 1922-இல் அட்லாண்டா நகரில் கிரேக்கர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவோம். அங்கு 1940-களில் வடநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பத்தார் பால்கோவா விற்கத் தொடங்கினர் என்பர். 1970-களில் பால் மிகுந்தபோது கூட்டுறவுச் சங்கமும் பால்கோவா காய்ச்சத் தொடங்கியது. அல்வாவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே காண்கிறோம். அல்வாவுக்கு வேண்டிய கோதுமை திருநெல்வேலிப் பயிர் அன்று. ஆதலால் அதன் புகழில் அவ்வட்டார உழவருக்குக் கிடைத்த பங்கு சிறிது. பால்கோவாவின் மூலப்பொருளோ சுற்றுக் கிராமத்தார் கறந்த பால். வந்தவர் தொழிலும் ஊரார் பாலும் ஒன்று சேர்ந்தன.

இப்பண்டத்திற்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கான சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்தது. தனி ஒருவர் தம் பெயரில் இக்குறியீட்டைப் பதிவு செய்துகொள்ள இயலாது. உற்பத்தியாளர் சங்கம் போன்ற அமைப்பே விண்ணப்பிக்க வேண்டும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் பதிவு பெற்றதும் தயாரிப்பாளர் சங்கமே. நெசவாளர்களுக்கு இது புதிதன்று: சௌராஷ்டிரர் குடியேறி வளர்த்த மதுரைச் சுங்குடியும் இவ்வாறே ஊர்ப்பெயரோடு பதிவு பெற்றிருக்கிறது.

நம் ஊத்துக்கோட்டைப் பகுதியில் பாலும் உண்டு, நிலக்கடலையும் உண்டு. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வந்த பீகார், ஒடிசா மாநிலத்தவரும் பலர் உளர். தள்ளுவண்டியில் தின்பண்டம் விற்கும் வடநாட்டு இளைஞரைக் கண்டு, “பிழைப்பைப் பறிக்க வந்தார்கள்” என்று சில அங்கத்தினர்கள் முணுமுணுப்பதை நாம் கேட்கிறோம். சொக்கம்பட்டியார் அழைத்து வந்தவரையும் ஒரு காலத்தில் எவரேனும் அவ்வாறு சொல்லியிருக்கக்கூடும். பால் காய்ச்சத் தெரிந்த ஒருவரைச் சங்கம் கூலிக்கு அமர்த்தி, நம் இளைஞர் இருவரை அவரிடம் பழக விடுவதில் நமக்கு நட்டமில்லை. அவருக்கு உரிய கூலியை மட்டும் குறைக்கலாகாது.

எனினும் கணக்கைப் பார்க்காமல் இதில் இறங்கக் கூடாது. ஒரு கிலோ கோவாவுக்கு ஐந்து முதல் ஆறு லிட்டர் பசும்பால் வேண்டும். எருமைப்பாலானால் சற்றுக் குறையும். லிட்டர் 40 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், பாலுக்கு மட்டும் 200 முதல் 240 ரூபாய் ஆகும். இதனுடன் விறகு, கூலி, பொட்டலம், உணவுப் பாதுகாப்பு உரிமச் செலவு ஆகியவற்றையும், விற்காமல் கெடும் சரக்கையும் சேர்க்க வேண்டும். குளிர்பெட்டியின்றிக் கோவா சில நாட்களே தாங்கும். ஒன்றியத்திற்கு ஒப்புக்கொண்ட பாலில் கை வைக்காமல், மிகுதிப் பாலில் மட்டும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்திய இரு வாரங்களில் காய்ச்சிப் பார்க்கலாம். அந்த வாரங்களின் வரவு செலவைத் தனி ஏட்டில் எழுதி, அடுத்த பொதுப்பேரவையில் அங்கத்தினர் முன் வைக்க வேண்டும்.