வான் பாஸ்டனின் கணுக்கால்

அன்புள்ள மருமகனுக்கு,

கணுக்கால் வீங்கியிருந்தும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் இறங்கியே தீருவேன் என்று அடம்பிடிக்கிறாயாம்; அக்கா போனில் சொன்னாள். ஸ்ட்ரைக்கர் இல்லாமல் டீம் என்ன செய்யும் என்று கேட்டாயாம். நியாயமான கேள்விதான். ஹாலந்தின் மார்கோ வான் பாஸ்டனைப் பற்றி எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

1982 ஏப்ரல் 3 அன்று அயாக்ஸ் அணியில் ஜொஹான் க்ரைஃப் வெளியே போக, அவருக்குப் பதிலாக 17 வயது வான் பாஸ்டன் இறங்கினார். முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டார். 1985-86 பருவத்தில் 26 லீக் ஆட்டங்களில் 37 கோல். உயரமான ஆள், ஆனால் பந்து காலில் ஒட்டிக்கொள்ளும். தலையாலும் அடிப்பார், இரண்டு காலாலும் அடிப்பார்.

1986 டிசம்பரில் க்ரோனிங்கன் அணியோடு நடந்த ஆட்டத்தில் ஒரு மோதல். வலது கணுக்கால் அடிபட்டது. அப்போது க்ரைஃப்தான் பயிற்சியாளர். சில ஆட்டங்களை விட்டுவிட்டு, ஐரோப்பியப் போட்டிகளில் மட்டும் எப்படியாவது ஆடுவது என்று ஏற்பாடாயிற்று. 1987 மே மாதம் ஏதென்ஸில் நடந்த இறுதி ஆட்டத்தில் அவர் தலையால் போட்ட ஒரே கோலில் அயாக்ஸ் கோப்பை வென்றது. ஊரே கொண்டாடியது. கணுக்கால் மட்டும் ஆறவில்லை.

அதே ஆண்டு இத்தாலியின் மிலான் அணிக்குப் போனார். முதல் பருவத்தில் அறுவை சிகிச்சை. லீக்கில் 11 ஆட்டம்தான் ஆட முடிந்தது. 1988 ஐரோப்பியக் கோப்பைக்கு ஹாலந்து அணியோடு வந்தபோது, முதல் ஆட்டத்தில் அவர் தொடக்கப் பதினொருவரில்கூட இல்லை. சட்டை எண் 12. அடுத்த ஆட்டத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஹாட்ரிக் போட்டார். அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியை வீழ்த்திய கோலும் அவருடையதுதான்.

ம்யூனிக்கில் சோவியத் யூனியனோடு நடந்த இறுதி ஆட்டத்தின் கோலைப் போனில் தேடிப் பார். இடப்பக்கமிருந்து ஆர்னால்ட் ம்யூரன் பந்தை உயரத் தூக்கி அனுப்புகிறார். அது மைதானத்தைக் குறுக்கே கடந்து வலப்பக்கம் வருகிறது. கோலுக்கு நேராக நிற்கவில்லை வான் பாஸ்டன். பக்கவாட்டில், கோணமே இல்லாத இடத்தில் நிற்கிறார். எல்லோரும் பந்தைத்தான் பார்ப்பார்கள். நீ அவர் கால்களைப் பார். பந்து மேலே இருக்கும்போதே அடியைச் சின்னச் சின்னதாக வைத்துத் தன் இடத்தைச் சரிசெய்துகொள்கிறார். தரையில் பட விடாமல் வலது காலால் அடிக்கிறார். கோல்கீப்பர் தசாயெவ் கையை உயர்த்துகிறார். பந்து அவரைத் தாண்டி வலைக்குள் போய்விடுகிறது. என்னைக் கேட்டால் கோலைவிட அந்தச் சின்ன அடிகள்தான் பெரிய வித்தை. ஸ்ட்ரைக்கரின் வேலையில் பாதி பந்து வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. உங்கள் ஊரான டாலாவில் சாயங்காலம் நீங்கள் சின்லோன் ஆடும்போது உன் கால் பிரம்புப் பந்துக்கு அடியில் போய் நிற்கிறதே, அந்தப் பழக்கம் உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது.

1988, 1989, 1992 என்று மூன்று முறை ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார். 1992 நவம்பரில் ஒரே ஆட்டத்தில் கோதன்பர்க் அணிக்கு எதிராக 4 கோல். அடுத்த மாதமே மறுபடி கணுக்காலில் அறுவை. 1993 மே 26, அதே ம்யூனிக் நகரில் மார்செய் அணியோடு ஆடியதுதான் கடைசி. அப்போது வயது 28. இரண்டு வருடம் போராடிப் பார்த்துவிட்டு 1995 ஆகஸ்டில் ஓய்வை அறிவித்தார். மிலான் மைதானத்தைச் சுற்றி வந்து அவர் கையசைத்தபோது, பயிற்சியாளர் கபெல்லோ அழுதார். வலி முற்றிய காலத்தில், இரவில் கழிவறைக்குத் தவழ்ந்துதான் போக முடிந்தது என்று வான் பாஸ்டனே தன்வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். இதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

ஏன் இப்படி ஆயிற்று? பின்னாலிருந்து காலை வாரிய தடுப்பாட்டக்காரர்கள் ஒரு காரணம். 1998 உலகக் கோப்பையை ஒட்டித்தான் பின்னாலிருந்து ஆபத்தாகச் சாய்ப்பவருக்குச் சிவப்பு அட்டை என்று ஃபிஃபா கண்டிப்புக் காட்டியது. அவருக்கு அது தாமதம். இன்னொரு காரணம் குருத்தெலும்பு. கணுக்கால் மூட்டுக்குள் எலும்புகளின் முனையில் வழவழப்பாக ஒட்டியிருப்பது. அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது. தேய்ந்தால் பழையபடி வளராது. உங்கள் ஊர் சைக்கா ரிக்‌ஷாவில் பேரிங் தேய்ந்த பிறகும் ஆளேற்றி மிதித்தால் அச்சு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். பேரிங்கைக் கடையில் வாங்கி மாற்றலாம்.

தமிழ்ப் பையனை யார் தேசிய அணியில் எடுப்பார்கள் என்று போன தடவை வருத்தப்பட்டாய். 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் ஈரானை வென்று பர்மா தங்கம் வாங்கியது. 1970இல் அதே பாங்காக்கில் தென்கொரியாவோடு தங்கத்தைப் பகிர்ந்துகொண்டது. அந்தக் காலத்து அணித்தலைவர் சுக் பகதூர், கூர்க்கா வம்சத்தவர், உன்னைப் போல முன்வரிசை ஆட்டக்காரர். ஒரு தங்கத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் நான்கு வருடம். அவ்வளவு காலம் கால் தாங்கினால்தான் ஆள் நிற்க முடியும்.

இப்போது உன் காலுக்கு வருவோம். பாதம் உள்பக்கம் மடங்கும்போது வெளிப்பக்கத்து லிகமென்ட் கிழியும்; பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. முதல் இரண்டு மூன்று நாள் சூடு பண்ணாதே, தைலம் போட்டு அழுத்தித் தேய்க்காதே. துணியில் சுற்றிய ஐஸை இருபது நிமிடம் வை, பேண்டேஜ் சுற்று, காலைத் தலையணைமேல் தூக்கி வை. நாலு அடி ஊன்றி நடக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் மொட்டின் பின்விளிம்பை அழுத்தும்போது எலும்பே வலித்தாலோ எக்ஸ்ரே கட்டாயம். வீக்கம் வடிந்த பிறகு தினமும் அந்த ஒற்றைக்காலில் நின்று பழகு. முதலில் கண்ணைத் திறந்து, பிறகு மூடி. அதில் ஆடாமல் அசையாமல் நிற்க முடிகிறபோது ஓடலாம். ஓடித் திரும்பும்போது வலி இல்லையென்றால் பந்தைத் தொடலாம்.

ஞாயிறு ஆட்டத்துக்கு உன் இடத்தில் தம்பியை நிறுத்தச் சொல். நீ கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் எந்தப் பக்கம் திரும்பத் தடுமாறுகிறார்கள் என்று பார்த்து, இடைவேளையில் அவனிடம் சொல். திங்கட்கிழமை காலைப் படகில் அக்காவோடு இக்கரைக்கு வா. பன்சோடன் படகுத்துறையில் நிற்கிறேன், டாக்டரிடம் போவோம். எங்கே வலிக்கிறது என்று அவர் கேட்டால் ஒன்றையும் குறைத்துச் சொல்லாதே.

அன்புடன்,
உன் மாமா