பருவ வயதுப் பிள்ளைகள்: பெற்றோர் பேசத் தயங்கும் பாடம்

 

  

பிள்ளைகள் பருவமடையும்போது உடலிலும் மனத்திலும் ஏற்படும் மாற்றங்கள், அந்த வயதில் காக்க வேண்டிய ஒழுக்கம், உடல்நலம், பாதுகாப்பு ஆகியவற்றைப் பற்றி இந்த வாரம் பார்ப்போம். வீட்டில் அத்தாவும் அம்மாவும் பேசக் கூச்சப்படும் விஷயம் இது. நாம் பேசாவிட்டால் பிள்ளை இதைக் கற்காமல் இருந்துவிடும் என்று எண்ண வேண்டாம். கையிலுள்ள செல்போன் கற்றுக்கொடுக்கும். கெட்ட சகவாசம் கற்றுக்கொடுக்கும். யாரிடம் கற்றுக்கொள்வது என்பதை மட்டும்தான் நாம் தீர்மானிக்க முடியும்.

சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கு

சென்னையைச் சேர்ந்த 28 வயது இளைஞர் ஒருவரின் செல்போனில் சிறார்களைக் காட்டும் ஆபாசக் காட்சிகள் இருந்ததாக வழக்குப் பதிவானது. 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. இன்றைய தலைமுறை ஆபாசப் படங்களுக்கு அடிமையாகி வருவதைக் கவலையோடு குறிப்பிட்ட நீதிபதி, அவர்களுக்கு அறிவுரையும் வழிகாட்டுதலும் தேவை என்றார். குழந்தைகள் நல அமைப்புகள் மேல்முறையீடு செய்தன. 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, வழக்கு நடக்க வேண்டும் என்றது.

குற்றம் எது என்பதில் இரு நீதிமன்றங்களும் வேறுபட்டன. ஆனால் இளைஞர்களுக்கு வழிகாட்டல் தேவை என்பதை இரண்டுமே சொன்னதை நாம் கவனிக்க வேண்டும். பாலியல் கல்வி கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற எண்ணம் தவறு என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. முறையான கல்வித் திட்டத்தை வகுக்க நிபுணர் குழு அமைப்பதைப் பரிசீலிக்கும்படி மத்திய அரசுக்கு ஆலோசனையும் கூறியது.

வெட்கம் வேறு, மௌனம் வேறு

வெட்கம் ஈமானின் ஒரு கிளை. அதில் எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. ஆனால் அந்த வெட்கத்தை நமக்குக் கற்றுத்தந்த நபி (ஸல்) அவர்களின் சபையில் இந்த விஷயங்கள் பேசப்பட்டன.

உம்மு சுலைம் (ரலி) அவர்கள் நபியவர்களிடம் வந்து, சத்தியத்தைச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்று முன்னுரை சொல்லிவிட்டு, பெண்ணுக்கு உறக்கத்தில் ஸ்கலிதம் ஏற்பட்டால் குளிப்பு கடமையா என்று கேட்டார்கள். நபியவர்கள் கோபப்படவில்லை. நேராகப் பதில் சொன்னார்கள் (புகாரி, முஸ்லிம்). மார்க்கத்தைக் கற்க அன்சாரிப் பெண்களுக்கு வெட்கம் தடையாக இருந்ததில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள் (முஸ்லிம்).

அலீ (ரலி) அவர்களுக்கு ஒரு சந்தேகம். இச்சை ஏற்படும்போது வெளிப்படும் மதீ என்னும் நீரைப் பற்றிய சட்டம் தெரிய வேண்டும். நபியவர்களின் மருமகன் என்பதால் கேட்கக் கூச்சம். சும்மா இருந்துவிட்டார்களா? மிக்தாத் (ரலி) அவர்கள் மூலம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள் (புகாரி). அத்தாவிடம் கேட்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு, கேட்பதற்கு வேறொரு நல்ல மனிதர் இருக்க வேண்டும் என்ற பாடமும் இதில் இருக்கிறது.

வயதுக்கு ஏற்ற பாடம்

அந்நூர் அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தைப் பாருங்கள். ஃபஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வு நேரம், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் பருவமடையாத பிள்ளைகளும் அனுமதி கேட்டே அறைக்குள் வர வேண்டும் என்கிறது. பருவமடைந்துவிட்டால் எல்லா நேரத்திலும் அனுமதி கேட்க வேண்டும் என்கிறது 59ஆம் வசனம். 10 வயதில் படுக்கைகளைப் பிரித்துவிடச் சொல்கிறது அபூதாவூதில் வரும் ஹதீஸ். சிறு வயதில் தொடங்கி, வயதுக்கு ஏற்றபடி படிப்படியாகச் சொல்லிக்கொடுப்பதே நம் மார்க்கத்தின் முறை.

*10 வயதுக்குள்:* மறைக்க வேண்டிய உறுப்புகள் எவை, அவற்றை யாரும் தொடக் கூடாது, தொட்டால் உடனே வீட்டில் சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுங்கள். தொட்டவர் உறவினராக, டியூஷன் மாஸ்டராக, ஓதிக்கொடுக்கும் உஸ்தாதாகவே இருந்தாலும் சொல்ல வேண்டும்.

*ஆண் பிள்ளைக்கு:* குரல் மாறுவது, ரோமம் முளைப்பது, உறக்கத்தில் விந்து வெளிப்படுவது எல்லாம் இயற்கை. உறக்கத்தில் வெளிப்படுவதை பாலிக் ஆனதன் அடையாளமாகவே ஃபிக்ஹு நூல்கள் சொல்கின்றன. குளித்தால் தொழலாம். அது நோயும் அல்ல, பாவமும் அல்ல. இதைச் சொல்ல ஆள் இல்லாத பையன்தான், உடம்பு கெட்டுவிட்டது என்று பயந்து, பஸ் ஸ்டாண்ட் சுவரில் நோட்டீஸ் ஒட்டி லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருக்கும் போலி வைத்தியர்களிடம் பணத்தைக் கொட்டுகிறான்.

*பெண் பிள்ளைக்கு:* மாதவிடாய் வருவதற்கு முன்பே தாய் சொல்லிவிட வேண்டும். ஒன்றும் தெரியாமல் ரத்தத்தைப் பார்க்கும் பிள்ளை நடுங்கிப்போகும். அந்நாட்களில் விடுபட்ட தொழுகைக்குக் களா இல்லை, நோன்புக்கு உண்டு என்ற சட்டத்தோடு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்றுவது, துணி என்றால் நன்றாகத் துவைத்து வெயிலில் உலர்த்துவது போன்ற சுத்தத்தையும் சொல்லுங்கள். அளவுக்கு மீறிய ரத்தப்போக்கோ தாங்க முடியாத வலியோ இருந்தால் டாக்டரிடம் கூட்டிச் செல்லுங்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மாதவிடாயில் இருந்தபோது, அவர்களின் மடியில் சாய்ந்து நபியவர்கள் குர்ஆன் ஓதினார்கள் (புகாரி). அப்படியிருக்க, மகளை ஒதுக்கிவைக்க நாம் யார்?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியை 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் போட உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இதையும் டாக்டரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இளைஞனிடம் நபியவர்கள் பேசிய விதம்

ஓர் இளைஞர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, விபசாரம் செய்ய அனுமதி தாருங்கள் என்றே கேட்டுவிட்டார். சபையினர் அவரை அதட்டினார்கள். நபியவர்களோ அவரை அருகில் அழைத்து உட்கார வைத்தார்கள். உன் தாய்க்கு இதை விரும்புவாயா, மகளுக்கு, சகோதரிக்கு, மாமிக்கு விரும்புவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். மாட்டேன் என்றார் அவர். மற்றவர்களும் அப்படித்தான் விரும்பமாட்டார்கள் என்று புரிய வைத்து, அவர் மீது கை வைத்து துஆ செய்தார்கள். அதன்பின் அந்த இளைஞர் அந்தப் பக்கமே திரும்பவில்லை (அஹ்மத்).

மகனின் செல்போனில் காணக் கூடாததைக் கண்டுவிட்டால் நாம் அந்த சபையினரைப் போல அதட்டுகிறோம். செல்போனைப் பிடுங்குகிறோம். அடுத்த முறை அவன் இன்னும் நன்றாக மறைத்துக்கொள்வான். அருகில் உட்கார வைத்துப் பேசுங்கள். சட்டத்தையும் சொல்லுங்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்டவர் குழந்தைதான். அந்தப் பெண் சம்மதித்தாள், நாங்கள் காதலித்தோம் என்பதெல்லாம் அங்கே செல்லாது. கல்லூரியில் கால் வைத்த பையன்கள் சிறைக்குப் போவது இதை அறியாததால்தான்.

பிள்ளை வாய் திறந்து சொன்னால்

மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், 53 சதவீதக் குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகக் கூறினார்கள். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளுக்குச் சமமாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். செய்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள்.

ஆகவே பிள்ளை சொன்னால் முதலில் நம்புங்கள். நீ ஏன் அங்கே போனாய் என்று கேட்காதீர்கள். உன் மீது குற்றமில்லை என்று சொல்லி அணைத்துக்கொள்ளுங்கள். குடும்ப மானம், ஜமாஅத்தின் பெயர் என்று சொல்லி, பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கும் காரியம் அல்ல இது. தெரிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பது போக்சோ சட்டப்படி குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். பாதிக்கப்பட்ட பிள்ளையை வாயடைக்கச் செய்து அநியாயக்காரனைக் காப்பாற்றினால், நாளை மஹ்ஷரில் அந்தப் பிள்ளை நம் கையைப் பிடித்துக் கேட்கும்.

சபுரில் இருக்கும் அத்தாக்களுக்கு

காரைக்குடி, இளையான்குடி என நம் சிவகங்கைச் சீமையின் பல வீடுகளில் அத்தா வளைகுடாவிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். மகனுக்கு மீசை அரும்புவதை வீடியோ காலில்தான் பார்க்கிறார். படிப்பையும் மார்க்கையும் கேட்கும் அந்த அழைப்பில், வாரம் ஒருமுறை மகனோடு தனியாகப் பேசுங்கள். முடியாவிட்டால் நம்பிக்கையான மாமாவையோ சாச்சாவையோ பொறுப்பாக்குங்கள். மகளுக்குத் தாயோ பெரியம்மாவோ சொல்லட்டும். பள்ளிவாசலுக்கு ஒரு டாக்டரை அழைத்து ஆண்களுக்குத் தனியாகவும், பெண் டாக்டரை வைத்துப் பெண்களுக்குத் தனியாகவும் வகுப்பு நடத்துவது ஜமாஅத்தால் முடியாத காரியமல்ல.

இந்த வாரமே உங்கள் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: எதுவாக இருந்தாலும் என்னிடம் கேள், நான் கோபப்படமாட்டேன் என்று. சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் பார்வையையும் கற்பையும் உடல்நலத்தையும் பாதுகாப்பானாக! அவர்கள் மனம் திறந்து பேசும் பெற்றோராக நம்மை ஆக்குவானாக! ஆமீன்.