பின்னச்சை முழுதாக எடு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்பு மருமகனுக்கு,

டிரிஃப்ட் ஓட்டப் பழைய பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் ஒன்றைத் தயார் செய்கிறாய். நாலு சிலிண்டர் வண்டியில் ஆறு சிலிண்டர் வண்டியின் டிஃப்ரன்ஷியலை மட்டும் மாட்டினால் போதுமா என்று கேட்டிருக்கிறாய். போதாது. எடுப்பதானால் ஒரே வண்டியிலிருந்து டிஃப்ரன்ஷியல், ஃபிளாஞ்ச், இரண்டு பக்க ஷாஃப்ட், பிராப்பல்லர் ஷாஃப்ட், ஹப், பிரேக் எல்லாவற்றையும் சேர்த்து எடு. முடியாவிட்டால் இருப்பதைத் தொடாதே.

ஒரே பெயர் கொண்ட வண்டிகளுக்குள் உதிரி பொருந்தும் என்ற நம்பிக்கைதான் முதல் சிக்கல். பி.எம்.டபிள்யூ தன் டிஃப்ரன்ஷியல்களைக் கிரவுன் சக்கரத்தின் விட்டத்தை வைத்தே பிரிக்கிறது. 1990-களின் இ36 தலைமுறையில் 318-க்கு 168 மில்லிமீட்டர், 325-க்கு 188. பின்னால் வந்த இ90-இல் 335-க்கு 215 வரை போகிறது. விட்டம் மாறினால் ஹவுசிங் மாறும், ஹவுசிங் மாறினால் பிராப்பல்லர் ஷாஃப்டின் நீளமும் ஃபிளாஞ்சின் போல்ட் துளைகளும் கணக்குத் தப்பும். இதைவிட ஏமாற்றுவது இ36 காம்பாக்ட். பெயர் இ36, ஆனால் பின்பக்கம் அதற்கு முந்தைய இ30-இன் செமி டிரெய்லிங் ஆர்ம். செடானின் பின் கைகளை அதில் மாட்ட வழியே இல்லை. ஜிப்சியும் இப்படித்தான்: 1993-இல் வந்த அகல ஜிப்சியின் பின்சக்கர இடைவெளி 1,220 மில்லிமீட்டரிலிருந்து 1,310 ஆனது. பழையதின் அடியில் புதியதன் அச்சைத் தள்ளினால் சக்கரம் மட்கார்டுக்கு வெளியே நிற்கும்.

பொருந்திவிட்டது என்றே வைத்துக்கொள். அடுத்தது பலம். டிரிஃப்டில் பின்சக்கரம் ஒரே சீராகச் சுற்றுவதில்லை. வழுக்கும், சட்டென்று பிடிக்கும், மறுபடி வழுக்கும். கிளட்சை உதைத்து விடும்போது எழும் அதிர்ச்சி கியர்பாக்ஸிலிருந்து டயர் வரை ஒவ்வொரு இணைப்பையும் அடிக்கிறது. கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓடினாலும் ஒவ்வொரு ஊடையிலும் இரண்டும் கோத்துக்கொண்டால்தான் சேலை நிற்கும். ஒரு பக்கத்தை மட்டும் கெட்டியாக்கினால் விடுவது அந்தக் கோர்வைதான். கிரவுன்-பினியனைப் பெரிதாக்கிவிட்டுப் பழைய மெல்லிய ஷாஃப்டை விட்டால், உடைப்பு ஷாஃப்டுக்கு நகரும். ஷாஃப்டையும் மாற்றினால் சப்ஃபிரேம் பிடிக்கும் தரைத்தகட்டுக்குப் போகும். இ36-க்கும் இ90-க்கும் இடையில் வந்த இ46-இல் அந்தத் தகடு கிழிவது ஊரறிந்த குறை. அதனால்தான் பழகிய பட்டறைக்காரர்கள் முதலில் அந்த இடத்துக்குத் தகடு வைத்து வெல்டிங் செய்துவிட்டு, பிறகு இன்ஜினைத் தொடுகிறார்கள்.

விகிதத்தையும் கணக்குப் போடு. டயர் சுற்றளவு 1.95 மீட்டர், இரண்டாம் கியர் 2.5, இன்ஜின் 6,000 சுற்று என்றால், 3.45 அச்சில் வேகம் ஏறக்குறைய 81 கிலோமீட்டர், 325-இன் 3.15-இல் 89, 4.10-இல் 68. உன்னுடையதைப் போன்ற சிறிய இன்ஜினுக்கு 3.15 சுமைதான். பெரிய வண்டியின் அச்சு என்பதாலேயே அது உனக்கு நல்லதாகிவிடாது. வாங்கும் பெட்டிக்குள் என்ன விகிதம் இருக்கிறது என்பதே விலையைவிட முக்கியம்.

நண்பர்கள் எம்3-யின் கைகளைச் சாதாரண வண்டியில் போட்டு ஓட்டுகிறார்களே என்பாய். உண்மை; இ90 வரிசையில் அது பொருந்துகிறது, நன்றாகவும் இருக்கிறது. அங்கே பிடிப்பிடங்களை நிறுவனமே ஒன்றாக வைத்திருக்கிறது. அந்த ஒரு இடத்தைப் பார்த்து எல்லா இடத்துக்கும் விதி செய்யக்கூடாது.

டிஃப்ரன்ஷியலின் உள் பற்களை வெல்டிங் செய்து பூட்டிவிட்டால் செலவே இல்லை என்பது இன்னொரு வாதம். டிராக்கில் அது வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் வளைவில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வெவ்வேறு தூரம் போக வேண்டியவை. பூட்டினால் அந்த வித்தியாசத்தை டயரும் ஷாஃப்டும் தாங்க வேண்டும். வெல்டிங் விட்டால் பல் துண்டு கிரவுனுக்குள் விழுந்து ஹவுசிங்கையே பிளக்கும். பணம் சேரும்வரை காத்திருந்து லிமிடெட் ஸ்லிப் வாங்குவதுதான் என் யோசனை. முழு செட்டின் விலை அதிகம் என்று தயங்காதே. துண்டு துண்டாக வாங்குகிறவன் லேத் பட்டறைக்கும் இரண்டாம் முறை வாங்கும் ஷாஃப்டுக்கும் கொடுப்பதைக் கூட்டிப் பார்.

சாலையைப் பற்றியும் கறாராகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றத் தடை சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். இந்த வண்டி இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு மட்டுமே உரியது. அங்கேயும் டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

பழைய உதிரி வாங்கப் புதுப்பேட்டைக்குப் போகும்போது விற்பவன் சொல்லும் விகிதத்தை ஏற்றுக்கொள்ளாதே. ஹவுசிங்கில் உலோகத் துண்டு தொங்கினால் அதில் எண் இருக்கும். முன்னால் ‘எஸ்’ இருந்தால் லிமிடெட் ஸ்லிப். துண்டு இல்லையென்றால், பக்கத்து ஃபிளாஞ்சுகள் இரண்டும் சேர்ந்து ஒரு முழுச் சுற்று வரும்வரை பினியனைக் கையால் திருப்பி எண்ணு. அந்த எண்ணையும் ஷாஃப்டின் நீளத்தையும் எனக்கு எழுது. பார்த்துச் சொல்கிறேன், அதன் பிறகு முன்பணம் கொடு.

அன்புடன்,
மாமா