விருதா, நல்கையா, பட்டறையா? காவிரிக்கரை நாவலாசிரியருக்கு ஒரு வழிகாட்டி

தமிழின் முதல் நாவலை எழுதியவர் மாயூரத்தில் முன்சீப் வேலை பார்த்தவர். வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சேறியது. அதற்குப் பிறகு தஞ்சை வட்டாரம் தந்த நாவலாசிரியர்களின் பிழைப்பை வரிசையாகப் பார்த்தாலும் கதை பெரிதாக மாறவில்லை. தி. ஜானகிராமன் பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு வானொலியின் கல்வி ஒலிபரப்புக்குப் போனார். கரிச்சான் குஞ்சுவும் ஆசிரியர்தான். இந்திரா பார்த்தசாரதி டெல்லியில் பேராசிரியர். இடையிருப்பு சி.எம். முத்து விவசாயி. கும்பகோணம் எம்.வி. வெங்கட்ராம் பட்டு ஜரிகை வியாபாரி. வியாபாரம் நொடித்த பிறகு எழுத்தையே நம்பி வாழ வேண்டிவந்தது. அப்போது அவர் நாவலாக எழுதிக் குவிக்கவில்லை. குடும்பம் நடக்க வேண்டுமே என்று பதிப்பகத்துக்காக வாழ்க்கை வரலாறுகளை எழுதிக் கொடுத்தார்.

இன்று நீடாமங்கலத்திலோ பாபநாசத்திலோ முதல் நாவலைத் தொடங்கும் ஒருவருக்கு முன்னே அவர்களுக்கு இல்லாத பல வாசல்கள் இருக்கின்றன. நல்கை, உறைவிட முகாம், பட்டறை, இலக்கியத் திருவிழா, கையெழுத்துப் படிப் போட்டி, விருது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் துரத்தினால் நாவல் நின்றுபோகும். எதை முதலில் தேடுவது, எதைத் தானாக வரட்டும் என்று விடுவது? இதற்கு ஒரு கேள்வி போதும்: அந்த உதவி நாவல் முடிவதற்கு முன்னே வருகிறதா, முடிந்த பின்னே வருகிறதா? நடவுக்கு முன் கிடைக்கும் பயிர்க்கடனுக்கும் அறுவடைக்குப் பின் அறிவிக்கும் ஊக்கத்தொகைக்கும் உள்ள வித்தியாசம்தான் அது.

விருதிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் பேச்சு எப்போதும் அங்கேதான் போகிறது. சாகித்திய அகாதெமி விருது 1955இல் தொடங்கியது. இப்போது அதன் தொகை ஒரு லட்சம் ரூபாய். ஒரு நாவலுக்கு நான்கு வருடம் உழைத்தவர் அதை மாதக்கணக்கில் பிரித்தால் இரண்டாயிரம் ரூபாய் சொச்சம். தொகை சிறிது என்பதைவிடக் காலம்தான் பெரிய விஷயம். புத்தமங்கலத்தில் பிறந்த கல்கிக்கு 'அலை ஓசை'க்காக 1956இல் விருது கிடைத்தபோது அவர் உயிரோடு இல்லை. 1954 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார். ஜானகிராமனுக்கு 1979இல் கிடைத்தது; அதுவும் 'மோகமுள்'ளுக்கு இல்லை, 'அம்மா வந்தாள்' நாவலுக்கும் இல்லை, 'சக்தி வைத்தியம்' என்ற சிறுகதைத் தொகுப்புக்கு. மூன்று வருடத்தில் அவரும் போய்விட்டார். லால்குடிக்காரரான லா.ச. ராமாமிருதத்துக்கு 'அபிதா' தரவில்லை, 'சிந்தாநதி' என்ற நினைவுக் குறிப்புகள் தந்தன. வெங்கட்ராமுக்கு 'காதுகள்' நாவலுக்காக 1993இல் கிடைத்தபோது வயது 73. 'பசித்த மானிடம்' எழுதிய கரிச்சான் குஞ்சுவுக்குக் கடைசிவரை அது வரவேயில்லை. 1992இல் அவர் மறைந்து முப்பது வருடம் கழித்து அந்த நாவல் ஆங்கிலத்தில் வெளியாகி, புதிய வாசகர்களைத் தேடிக்கொண்டது.

இந்த வரிசை சொல்வது ஒன்றுதான். விருதை எதிர்பார்த்து எந்த வாழ்க்கைத் திட்டத்தையும் போட முடியாது. எந்தப் புத்தகத்துக்கு, எந்த வயதில் வரும் என்பது எழுதுபவர் கையில் இல்லை.

ஆனால் 35 வயதுக்குட்பட்டவருக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அகாதெமியின் யுவ புரஸ்கார் 2011 முதல் தரப்படுகிறது, தொகை ஐம்பதாயிரம். முதல் புத்தகத்துக்கே கிடைக்கலாம் என்பதால் அடுத்த புத்தகத்துக்குப் பதிப்பாளர் கதவைத் திறந்து வைப்பார். தகுதியுள்ளவர்கள் வயது கடப்பதற்குள் நூலை அனுப்பிவிட வேண்டும். மூத்தவர்களுக்கு, வாசகர்களே சேர்ந்து 2010 முதல் கோவையில் தரும் விஷ்ணுபுரம் விருது வேறொரு வகையில் முக்கியம். விருதாளரின் படைப்புகளைப் படித்துவிட்டு வந்தவர்கள் அவர் எதிரில் உட்கார்ந்து பேசுகிறார்கள். எழுத்தாளருக்கு அது பணத்தைவிடப் பெரிய வரவு.

இனி நல்கை. இந்தக் கட்டுரை அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் இது.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். அந்த ஒரே நிகழ்ச்சியை வெவ்வேறு பிழைப்பில் இருந்த மூவர் நாவலாக்கினார்கள். இந்திரா பார்த்தசாரதிக்கு டெல்லிப் பல்கலைக்கழகச் சம்பளம் இருந்தது. ஊரிலிருந்து தள்ளி நின்று 'குருதிப்புனல்' எழுதினார், 1977இல் அகாதெமி விருது பெற்றார். திருவாரூர் வட்டாரத்து சோலை சுந்தரபெருமாள் ஆசிரியர் வேலையில் இருந்துகொண்டே, அந்த மண்ணின் பேச்சோடு 'செந்நெல்' எழுதினார். மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் எழுதிய 'த ஜிப்ஸி காடஸ்' 2014இல் வந்தது. அதற்கு முந்தைய வருடங்களில் அவர் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக சர்வதேச எழுத்தாளர் திட்டத்திலும், சார்லஸ் வாலஸ் நல்கையில் இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்திலும் இருந்தார்.

மூன்று நூல்களையும் அடுத்தடுத்து படிப்பவருக்கு ஒன்று புரியும். தூரம் இந்திரா பார்த்தசாரதிக்கு ஒரு பார்வையைக் கொடுத்தது. அதை விமர்சித்தவர்களும் உண்டு. நிலவுடைமைக் கொடுமையைத் தனிமனித உளவியலாகச் சுருக்கிவிட்டார் என்ற குற்றச்சாட்டு இன்றும் பேசப்படுகிறது. சோலை சுந்தரபெருமாளுக்கு ஊரில் இருந்ததே முதலீடு. சம்பளம், ஊர், நல்கை ஆகிய மூன்றும் மூன்று விதமான நாவலுக்கு வழிவிட்டன. ஆகவே நல்கைக்கு விண்ணப்பிக்கும் முன், தன் நாவலுக்குத் தேவைப்படுவது தூரமா நெருக்கமா என்று எழுதுபவர் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

நெருக்கம் தேவைப்படுபவருக்குக் கள ஆய்வு நல்கை போல உதவக்கூடியது வேறில்லை. பெங்களூரில் உள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் இப்படிப்பட்ட நல்கைகளைத் தருகிறது. இந்திய மொழி எதிலும் விண்ணப்பம் எழுதலாம் என்பது கிராமத்து எழுத்தாளருக்குப் பெரிய வசதி. பெருமாள்முருகன் அந்த நிறுவனத்தின் நல்கையில் திருச்செங்கோட்டை ஆராயப் போனபோது கிடைத்ததுதான் 2010இல் வந்த 'மாதொருபாகன்'. அதன் பிறகு நடந்தது ஊரறிந்தது: எதிர்ப்பு, எழுதுவதை நிறுத்துவதாக அறிவிப்பு, 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு. நல்கை, நாவலுக்கான செய்திகளைச் சேகரிக்க நாள்களை வாங்கித் தரும். அந்த நாவல் ஊரில் கிளப்பும் கோபத்தை எழுதியவர்தான் தாங்கியாக வேண்டும். சாதியைத் தொடாமல் டெல்டா வாழ்க்கையை எழுத முடியாது என்பதால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

நல்கை இல்லாத காலத்தில் இதே வேலையைச் செய்தவர் ராஜம் கிருஷ்ணன். 'சேற்றில் மனிதர்கள்' நாவலுக்காகத் தஞ்சை வயல்களில் நடந்தார். விவசாயத் தொழிலாளர்களுக்காகப் போராடிய மணலூர் மணியம்மாளின் வாழ்க்கையைத் தேடி, அவரை அறிந்தவர்களைச் சந்தித்து 'பாதையில் பதிந்த அடிகள்' எழுதினார். கணவரின் உத்தியோகம்தான் அவருக்கு நல்கை. முதுமையில் அந்த ஆதரவு போனதும் முதியோர் இல்லத்தில் வாழ நேர்ந்தது. அவர் உயிரோடு இருக்கும்போதே அரசு நூல்களை நாட்டுடைமையாக்கித் தொகை வழங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் அவர் வயல் வரப்பில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த வருடங்களில் அந்தத் தொகை வந்திருக்க வேண்டும்.

பிரதமரின் இளம் எழுத்தாளர் திட்டம் 2021இல் தொடங்கியது. முதல் சுற்றில் 30 வயதுக்குட்பட்ட 75 பேருக்கு மாதம் ஐம்பதாயிரம் வீதம் ஆறு மாதம், நேஷனல் புக் டிரஸ்ட் வழியாக. மொத்தம் மூன்று லட்சம், எழுதும் காலத்திலேயே கைக்கு வரும். குறை, பொருளை அரசே வகுத்துவிடுகிறது. அந்தச் சுற்றின் பொருள் விடுதலைப் போராட்டம். 1930 வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தை மனதில் வைத்திருந்தவருக்குப் பொருந்தியிருக்கும்; குத்தகை விவசாயி வீட்டுக் கதையை எழுதுபவருக்குப் பொருந்தாது. பணத்துக்காக நாவலின் பொருளை மாற்றுவது எந்த நிலையிலும் வேண்டாம்.

உறைவிட முகாம்கள் இன்னொரு வகை. அசோகமித்திரன் 1973இல் அயோவா போனார்; அந்த நாட்கள் 'ஒற்றன்!' ஆயின. வீட்டில் சின்னக் குழந்தை, கொட்டிலில் மாடு, வயலில் பயிர் என்று இருப்பவருக்கு மாதக்கணக்கில் கிளம்புவது எளிதல்ல, பெண்களுக்கு இன்னும் கடினம். முடிந்தால் போகலாம். முடியாவிட்டால் வருத்தப்பட ஏதுமில்லை.

பட்டறைகளைப் பற்றி இங்கே பெருமையாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. கும்பகோணத்தில் கு.ப. ராஜகோபாலனைச் சுற்றி ஜானகிராமன், வெங்கட்ராம், கரிச்சான் குஞ்சு என்று இளைஞர்கள் கூடினார்களே, கட்டணம் இல்லாத, சான்றிதழ் தராத பட்டறை அதுதான். கு.ப.ரா. 1944இல் இளம் வயதிலேயே மறைந்தார். அந்தச் சின்ன வட்டத்திலிருந்து மூன்று பெரிய நாவலாசிரியர்கள் வந்தார்கள். பின்னாளில் தஞ்சையில் 'கள்ளம்', 'கரமுண்டார் வூடு' எழுதிய தஞ்சை ப்ரகாஷ் தன்னைச் சுற்றி இளைஞர்களைச் சேர்த்து, கதை சொல்லவும் கேட்கவும் வைத்தார். இரண்டு நாள் பட்டறையில் ஒரு சிறுகதையைத் திருத்தலாம், நாவலைத் திருத்த முடியாது. அதற்கு ஒரே ஆள், அல்லது இரண்டு மூன்று பேர், மாதக்கணக்கில் அத்தியாயம் அத்தியாயமாகப் படித்து, 'இந்த இடம் பொய்' என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். பணம் கட்டிப் பட்டறைக்குப் போகலாமா என்று கேட்பவருக்குப் பதில்: அப்படிப்பட்ட ஒருவரை அங்கே சந்திக்க வாய்ப்பிருந்தால் போகலாம்.

திருவிழாக்கள் நாவல் அச்சான பிறகுதான் பயன் தரும். தமிழக அரசு பொருநை, வைகை, சிறுவாணி என்று ஆற்றின் பெயர்களில் இலக்கியத் திருவிழா எடுத்தபோது, 2023இல் காவிரி இலக்கியத் திருவிழா தஞ்சாவூரில் நடந்தது. சொந்த ஊர் மேடை, வாசகர் முகம் பார்க்கலாம், நான்கு பதிப்பாளரோடு பேசலாம். ஆனால் பயணச் செலவும் சிறு மதிப்பூதியமும் தாண்டி வரவு இருக்காது.

இதில் டெல்டாவுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதிலிருந்து குறுவை, அடுத்து சம்பா, தாளடி. இலக்கிய உலகின் உச்ச பருவமோ டிசம்பர், ஜனவரி. அகாதெமி அறிவிப்பு, கோவை விழா, சென்னைப் புத்தகக் காட்சி எல்லாம் அப்போதுதான். அதே சமயம் சம்பா கதிர் முற்றி நிற்கும். கடைசி மழை சாய்த்துவிடுமா என்ற பயம், அறுவடை இயந்திரத்துக்கு வரிசை, பிறகு நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் குவித்துவிட்டு, ஈரப்பதம் கூடுதல் என்று திருப்பிவிடுவார்களோ என்று தார்ப்பாய்க்குப் பக்கத்திலேயே படுத்துக் காவல். விவசாயம் செய்யும் எழுத்தாளர் சென்னை அரங்கில் நூல் வெளியீட்டு மேடையில் இருக்க முடியாது. மாசி முதல் வைகாசி வரை வயல் காய்ந்து கிடக்கும் மாதங்கள்தான் அவருக்கு எழுதும் பருவம். முகாம், கள ஆய்வு, கடைசித் திருத்தம் எல்லாவற்றையும் அந்த மாதங்களுக்குள் வைக்க வேண்டும். ஆனி முதல் தை வரை வரும் அழைப்புகளில் பெரும்பாலானவற்றை மறுத்துவிடலாம், நாவலுக்கு நஷ்டமில்லை.

முன்பு தொடர்கதை என்ற வழி இருந்தது. 'மோகமுள்' 1950களில் சுதேசமித்திரன் வார இதழில் தொடராக வந்தது. வாரக் கெடுவே எழுத வைத்தது. இன்று அந்த இடத்தைக் கையெழுத்துப் படிப் போட்டிகள் ஓரளவு நிரப்புகின்றன. கலைமகள் நாவல் போட்டியில் 1946இல் அகிலனின் 'பெண்' பரிசு பெற்றது. ஜெயமோகனின் முதல் நாவல் 'ரப்பர்' 1990இல் அகிலன் நினைவுப் போட்டிப் பரிசோடுதான் அச்சேறியது. அறிமுகமே இல்லாதவரின் நாவலையும் நடுவர் முழுதாகப் படித்தாக வேண்டும் என்பதாலும், பரிசோடு பதிப்பும் சேர்ந்து வரும் வாய்ப்பு இருப்பதாலும், முதல் நாவலுக்கு இது விருதைவிட நல்ல வாசல். உரிமை யாருக்குப் போகிறது என்று விதிகளைப் படித்துவிட்டு அனுப்ப வேண்டும்.

கைப்பணம் போட்டுப் புத்தகம் அச்சிட நினைப்பவர் அதற்கு முன் தமிழ் வளர்ச்சித் துறையின் நூல் வெளியீட்டு நிதியுதவியைக் கேட்டுப் பார்க்கலாம். ஆதிதிராவிடர், பழங்குடி எழுத்தாளர்களுக்கு அந்த நலத்துறையில் தனித் திட்டம் இருக்கிறது. கீழத்தஞ்சையில் இன்னும் எழுதப்படாத வாழ்க்கை மிக அதிகமாக இருப்பது அந்தத் தெருக்களில்தான். நானூறு ரூபாய் நாவலுக்குப் பத்து சதவீதம் உரிமைத்தொகை என்றால் ஐந்நூறு பிரதி விற்று வருவது இருபதாயிரம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தீர்ப்பு இதுதான். வேலையையோ நிலத்தையோ விடாமல் வைத்துக்கொள்வது முதலில். அடுத்து, முகத்துக்கு நேரே குறை சொல்லும் ஒரு வாசகர். மூன்றாவது, கள ஆய்வு நல்கை. வருடத்துக்கு ஒரே ஒரு விண்ணப்பம் எழுத நேரம் கிடைத்தால் அதற்குத்தான் எழுத வேண்டும். நாவல் முடிந்ததும் கையெழுத்துப் படிப் போட்டி. திருவிழா அச்சான பிறகு. விருதுக்கு நூலை அனுப்பிவிட்டு அடுத்த நாவலைத் தொடங்கிவிடலாம்.

ஒரு வேண்டுகோள், எழுத்தாளருக்கு அல்ல. தஞ்சையிலும் குடந்தையிலும் மன்னார்குடியிலும் இலக்கியத்துக்காக அறக்கட்டளை வைக்க நினைக்கும் கல்லூரிகளும் வணிகர்களும் வெளியூரில் சம்பாதிக்கும் டெல்டா பிள்ளைகளும் இன்னொரு பொன்னாடை விருது வைக்க வேண்டாம். அதே ஒரு லட்சத்தை, பாதி எழுதிய நாவலோடு நிற்கும் ஒருவருக்கு மாசி மாதத்தில் கொடுங்கள். தண்ணீர் வருவதற்குள் அவர் மீதியை முடித்துவிடுவார்.