நெட் தொட்டால் எப்போது தப்பு?

கேள்வி: எங்கள் ஊர்த் திருவிழா வாலிபால் போட்டியில் கடைசி செட். எங்கள் பையன் பிளாக்குக்கு எழும்பினான். பந்து அவன் கையில் படவே இல்லை. இறங்கும்போது முழங்கை நெட்டின் நடுவில் உரசியது, அவ்வளவுதான். எதிரணிக்குப் பாயிண்ட் கொடுத்துவிட்டார்கள். மேல் பட்டையைத் தொட்டால்தான் தப்பு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சித்தப்பாவோ எங்கே, எப்போது தொட்டாலும் தப்புதான் என்கிறார். அதே ஆட்டத்தில் அவர்களுடைய செட்டர் பந்தைத் தூக்கிக் கொடுக்கும்போது எங்கள் ஆள் நெட்டுக்கு மேலே கையை நீட்டித் தட்டினான். அதற்கும் விசில். பிளாக் செய்பவர் கையை அந்தப் பக்கம் நீட்டலாம் அல்லவா?
– ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: ரெஃப்ரி இரண்டு முறையும் சரியாகத்தான் ஊதியிருக்கிறார். அதற்காக நீங்களோ சித்தப்பாவோ கற்பனையாகப் பேசுகிறீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆளுக்கொரு காலத்துச் சட்டத்தைச் சொல்கிறீர்கள். மைதானத்து ஓரச் சண்டைகளில் பாதி இப்படி வருவதுதான்.

நீங்கள் கற்றது 2009-இல் வந்த விதி. பந்தை ஆடும் முயற்சியில் இருப்பவர் மேல் பட்டையைத் தொட்டால் தப்பு, கீழே வலையில் பட்டால் ஆட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாதவரை பரவாயில்லை என்று அப்போது தளர்த்தினார்கள். 2015 முதல் அந்தத் தளர்வு போய்விட்டது. இப்போது இரண்டு ஆன்டெனாக்களுக்கு நடுவே, மேல் பட்டையோ கீழ்க் கயிறோ, எங்கே பட்டாலும் ஒன்றுதான்.

ஆனால் 'எப்போது தொட்டாலும்' என்று சித்தப்பா சொல்வது சரியில்லை. பந்தை ஆடும் செயலில் இருக்கும்போது தொட்டால்தான் தப்பு. எழும்புவது, அடிப்பது அல்லது அடிக்க முயல்வது, பத்திரமாகத் தரையிறங்கி அடுத்த ஆட்டத்துக்குத் தயாராவது, இத்தனையும் அந்தச் செயலில் அடங்கும். பந்து கையில் பட்டிருக்க வேண்டும் என்றில்லை. பந்துக்கு அருகே அதை ஆட முயன்றாலே போதும். உங்கள் பையன் மாட்டிக்கொண்டது இங்கேதான். அதே பையன் பந்து வேறு மூலையில் இருக்கும்போது திரும்பி நடக்கையில் தோள் நெட்டில் பட்டிருந்தால் ஆட்டம் தொடர்ந்திருக்கும். நெட்டைப் பிடித்துச் சமாளித்து நிற்பதும், எதிராளியின் ஆட்டத்தைக் கெடுப்பதும் மட்டும் எப்போதுமே தப்பு.

இரண்டு விஷயங்களை நம் ஊர்களில் அடிக்கடி தவறாகக் கையாள்கிறார்கள். ஒன்று, வேகமாக அடித்த பந்து வலையில் மோதி, வலை பிதுங்கி வந்து எதிரே நிற்பவர் மீது பட்டால் அது தப்பே அல்ல. தொய்வான நெட்டில் இது ஆட்டத்துக்கு நாலு தடவை நடக்கும். நெட்டின் உயரம் ஆண்கள் ஆட்டத்துக்கு நடுவில் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. ஓரங்கள் இரண்டும் சம உயரமாக, நடுவைவிட 2 சென்டிமீட்டருக்கு மேல் ஏறாமல் இருக்க வேண்டும். ஆட்டத்துக்கு முன் அளந்து இழுத்துக் கட்டினால் பாதித் தகராறு வராது. மற்றொன்று, எது முதலில் நடந்தது என்பது. அடித்த பந்து தரையில் விழுந்த பிறகு பிளாக்கர் நெட்டைத் தொட்டால் கணக்கில்லை, ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. அதனால்தான் கீழே நிற்கும் இரண்டாவது ரெஃப்ரி பந்தின் பின்னால் போகாமல் பிளாக்கர்கள் பக்கமே கண்ணை வைத்திருக்கிறார். கூட்டம் முழுக்கப் பந்தைப் பார்க்கும்போது அவர் பார்ப்பது முழங்கையை. 'நாங்கள் யாரும் பார்க்கவில்லையே' என்று அவரிடம் வாதாடுவதில் நியாயம் இல்லை.

இனி பிளாக். கையை நெட்டுக்கு அப்பால் நீட்டலாம். 1964 முதல் அந்த அனுமதி உண்டு. ஆனால் எதிரணி தன் அட்டாக்கை அடித்த பிறகுதான் அந்தப் பக்கத்தில் பந்தைத் தொடலாம். அதற்கு முன்னாலோ, அதே நொடியிலோ தொட்டால் தப்பு. செட்டர் தன் ஆளுக்காக நெட்டை ஒட்டித் தூக்கிய பந்து இன்னும் அவர்களுடைய பந்து. அதைத் தட்டியதால்தான் விசில். அதே செட்டர் இரண்டாவது தொடுதலிலேயே பந்தை உங்கள் பக்கம் தள்ளினால் அது அட்டாக். தாராளமாகக் கையை நீட்டி அடக்கலாம். செட்டரின் விரல் எந்தத் திசையில் தள்ளுகிறது என்று படிக்கத் தெரிந்தவர்தான் நல்ல பிளாக்கர். உயரம் அதற்கு அடுத்தது.

பிளாக்கில் பட்ட பந்து மூன்று தொடுதல் கணக்கில் சேராது. அதற்குப் பிறகும் மூன்று உண்டு, பிளாக் செய்தவரே முதலாவதை ஆடலாம். 1976-இல் வந்த இந்த மாற்றம் இன்னும் பல ஊர்களுக்குப் போய்ச் சேரவில்லை. சர்வீஸை பிளாக் செய்யக் கூடாது. லிபரோ பிளாக் செய்யவோ அதற்கு முயலவோ கூடாது.

பின்வரிசை ஆட்டக்காரர் விஷயம் இன்னும் நுட்பமானது. முன்வரிசையினர் இருவரோடு அவரும் ஒட்டி எழும்பி, கை நெட்டுக்கு மேலே இருந்து, பந்து முன்வரிசைக்காரர் கையில் மட்டும் பட்டாலும் தப்புதான், ஏனென்றால் கூட்டு பிளாக்கில் அவரும் ஒருவர். நான் விசில் பிடித்த ஒரு போட்டியில் இதை ஊதப்போய், 'பந்து அவன் மேல் படவே இல்லை' என்று ஊரே என்னைச் சூழ்ந்துகொண்டது. விதிப் புத்தகத்தைத் திறந்து காட்டித்தான் அன்று ஆட்டத்தைத் தொடர முடிந்தது.

அடுத்த முறை சந்தேகம் வந்தால் ஆறு பேரும் ஓட வேண்டாம். விதிக்கு விளக்கம் கேட்கும் உரிமை களத்தில் இருக்கும் கேப்டன் ஒருவருக்கு மட்டுமே உண்டு. பதில் திருப்தி தராவிட்டால், ஆட்சேபணை பதிவு செய்யப்போவதாக அவர் அப்போதே சொல்லிவிட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் ஷீட்டில் அதை எழுத விதியே இடம் தருகிறது.