சிவகாசிப் பக்கம் தியானம் பழக இடம் தேடுபவர்களுக்கு

பட்டாசு ஆலையில் போர்மேன் வேலை பார்ப்பவனுக்குக் காது ஓய்வதில்லை. மருந்து கலக்கும் அறையில் இரண்டு பேர், மற்ற அறைகளில் நான்கு பேர் என்று தலை எண்ணுவதும், இரும்புச் சாமான் எதுவும் உள்ளே போகிறதா என்று பார்ப்பதும் வீட்டுக்கு வந்த பிறகும் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கேயோ வெடி விபத்து என்று சேதி வந்தால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. அப்படித்தான் தியான வகுப்பு தேட ஆரம்பித்தேன். தேடியதில் எனக்குப் பிடிபட்ட முதல் விஷயம், குருவையும் முறையையும் விசாரிப்பதற்கு முன்னால் நேரத்தை விசாரிக்க வேண்டும் என்பது.

பெரிய ஊர்களில் சாயங்கால வகுப்புக்குக் கூட்டம் சேரும். நமக்கு அது ஒத்துவராது. நாளெல்லாம் வெயிலில் நின்று, நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் ஏறி, குளித்துவிட்டு வந்து கண்ணை மூடினால் தூக்கம்தான் வரும். விடிகாலையில், ஆலை வேன் வருவதற்குள் முடிகிற வகுப்புதான் நிலைக்கும். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் சேரவே வேண்டாம். தீபாவளி முடிந்து ஆலைகள் பூட்டிக் கிடக்கிறதே, அந்த வாரங்கள்தான் சரியான காலம். மறுபடி வேலை சூடுபிடிப்பதற்குள் உடம்புக்குப் பழகிவிடும்.

நான் தங்கிய இடம் மனவளக்கலை மன்றம். கூடுவாஞ்சேரி நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி உண்டாக்கிய முறை இது. 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். உடம்பால் உழைக்கிறவர்களின் அலுப்பு தெரிந்த மனிதர் என்பது பயிற்சியைச் செய்யும்போதே புரிகிறது. கை, கால், மூச்சு, கண், மகராசனம் என்று உடம்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். என்னைப் போலக் கண்ணை மூடினாலே பதறுகிறவனுக்கு அது பெரிய உதவி. கடைசியில் மல்லாந்து படுக்க வைத்து, கால் விரலிலிருந்து உச்சந்தலை வரை ஒவ்வொரு உறுப்பாகச் சொல்லித் தளர்த்தச் சொல்வார் ஆசிரியர். தாடை இறுகியிருப்பதை அப்போதுதான் முதல்முறை கவனித்தேன். சேருவதற்கு முன் ஒருநாள் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர் ஒவ்வொருவர் பக்கத்திலும் வந்து முதுகையும் மூச்சையும் திருத்துகிறாரா? திருத்தினால் நல்ல வகுப்பு. வீட்டுப் பெண்களை அனுப்புவதாக இருந்தால் பெண் ஆசிரியர் உண்டா என்று கேளுங்கள். பட்டாசுக் குழாய் உருட்டி முதுகு பிடித்துக்கொள்வதை அவர்களிடம்தான் மனம்விட்டுச் சொல்ல முடியும்.

விபாசனா வேறு தினுசு. திண்டுக்கல் பக்கம் தம்ம மதுரா என்ற மையம் இருக்கிறது. பத்து நாள் தங்கி, பேச்சில்லாமல், போன் இல்லாமல், காலை நான்கு மணி மணியோசைக்கு எழுந்து உட்கார வேண்டும். கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. ஆழமான பயிற்சி, ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேரே அங்கே போக வேண்டாம் என்பது என் கருத்து. தினமும் அரைமணி உட்காரப் பழகிய பிறகு போங்கள்.

தாய்ச்சி என்ற சீனப் பயிற்சி பற்றியும் சிலர் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்து இந்தப் பக்கம் அதற்கு ஆசிரியர் இல்லை. வீடியோ பார்த்துச் செய்தால் முட்டிக்கு ஆகாது. எடை எந்தக் காலில் நிற்கிறது என்பதை இன்னொருவர் கண்ணால் பார்த்துத்தான் திருத்த முடியும். சிங்கப்பூரில் பிள்ளைகள் இருந்தால், அங்கே போகும்போது காலையில் பூங்காவில் பெரியவர்களோடு நின்று பாருங்கள்.

வகுப்பே வேண்டாம், சும்மா உட்கார ஓர் இடம் போதும் என்பவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே திருச்சுழி இருக்கிறது. ரமண மகரிஷி 1879இல் பிறந்த வீடு சுந்தர மந்திரம் என்ற பெயரில் இருக்கிறது. அருப்புக்கோட்டை வழியாகப் போகலாம்.

விபத்தை நேரில் பார்த்தவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. இரவில் அதே காட்சி திரும்பத் திரும்ப வந்தால், தனியாகக் கண்ணை மூடி உட்காராதீர்கள். முதலில் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் காசில்லாமல் தமிழிலேயே பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.