ஐஸ்லாந்து வட்டச் சாலை: காற்றைக் கேட்டுக் கிளம்புங்கள்

ஐஸ்லாந்துத் தீவைச் சுற்றிவர ஒன்றாம் எண் சாலை ஒன்றே போதும். அங்குள்ளவர்கள் அதை வட்டச் சாலை என்பார்கள். நீளம் ஏறத்தாழ 1,320 கிலோமீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர் போகலாமே, 15 மணி நேரம்தானே என்று கணக்குப் போட்டு, ஐந்து நாளில் சுற்றி முடிக்கத் துணிகிறவர்கள் உண்டு. அந்தக் கணக்கில் காற்று இல்லை. எப்போது கிளம்பலாம், எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்த நாட்டில் காற்றுதான் சொல்லும். அதற்கு இடம் விட்டுத் திட்டம் போட்டால் பயணம் சுகமாக அமையும்.

நாளும் பருவமும்

பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். ஒரு நாளை எந்த வேலையும் வைக்காமல் சும்மா விடுங்கள். அந்த நாள் தென்கிழக்கில் இருப்பது நல்லது. ஹோப்ன் ஊருக்கு முன்னால் பனிமலைக்கும் கடலுக்கும் நடுவே இந்த ஒரு சாலைதான் ஓடுகிறது. புயலில் அதை மூடிவிட்டால் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் தீவையே மறுபக்கமாகச் சுற்றி வரவேண்டும்.

முதல் முறை போகிறவர்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை ஏற்ற காலம். ஜூன் கடைசியில் ரெய்க்யவிக்கில் பகல் 21 மணி நேரம். டிசம்பரில் வெறும் நாலு மணி நேரம்தான். குளிர்காலத்தில் போயே தீருவேன் என்றால் முழு வட்டத்தை விட்டுவிட்டு, ரெய்க்யவிக்குக்கும் வீக் கிராமத்துக்கும் இடைப்பட்ட தெற்குக் கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வண்டியும் தாள்களும்

ஐஸ்லாந்து ஷெங்கன் நாடு; ஷெங்கன் விசா வேண்டும். ஓட்டுநர் உரிமத்தோடு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள், ஓராண்டு செல்லும்.

அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் இடப்பக்கம். இடப்பக்கம் ஓட்டியே பழகிய நாம் கியர் வண்டி எடுத்தால் கை குழம்பும். ஆட்டோமேட்டிக் கேளுங்கள். கோடையில் வட்டச் சாலைக்குச் சாதாரணக் கார் போதும். எண்ணுக்கு முன்னால் 'எஃப்' எழுத்து போட்ட மலைச் சாலைகளுக்கு நான்கு சக்கர இயக்க வண்டி சட்டப்படி கட்டாயம். அவற்றில் பல ஜூன் கடைசிக்குப் பிறகுதான் திறக்கும். நடுவே ஆறுகளில் இறங்கிக் கடக்க வேண்டியிருக்கும். என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் வழக்கமான காப்பீடு ஒரு பைசாகூடத் தராது. அனுபவம் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சரளைக்கல் சேதத்துக்கும் மணல், சாம்பல் சேதத்துக்கும் தனித்தனிக் காப்பீடு உண்டு. தெற்குக் கரையின் கருமணல் வெளிகளில் புயல் அடித்தால் வண்டியின் பெயின்டையே உரித்துவிடும். காப்பீட்டுத் தாளை முழுக்கப் படியுங்கள். வண்டியை வாங்கியதும் நாலு பக்கமும் வீடியோ எடுத்துவிடுங்கள்.

தினமும் காலையில்

ஐஸ்லாந்து வானிலைத் துறையின் தளத்தையும், சாலைத் துறையின் வரைபடத்தையும் பார்க்காமல் வண்டியைக் கிளப்பாதீர்கள். வரைபடத்தில் எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதை வண்ணத்தில் காட்டுவார்கள். வானிலை எச்சரிக்கைகள் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என ஏறும். ஆரஞ்சு வந்தால் அன்று ஓட்டம் இல்லை. அறையிலேயே இருங்கள்.

காற்றின் வேகத்தை அங்கே நொடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்வார்கள். 3.6ஆல் பெருக்கினால் மணிக்குக் கிலோமீட்டர் கிடைக்கும். 20 என்று கண்டால், மணிக்கு 72 கிலோமீட்டர். வேன் போன்ற உயர வண்டி என்றால் 15 தாண்டியதுமே யோசியுங்கள். சராசரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். திடீரென்று வீசும் காற்றுக்கு வேறு எண் போட்டிருக்கும், வண்டியைப் புரட்டுவது அதுதான். மலையடிவாரங்களில் அது கடுமை. எயாஃப்யாட்ல மலைக்குக் கீழேயும், போர்கார்னெஸ் ஊருக்குப் பக்கத்தில் ஹாப்னார்ஃப்யாட்ல் மலையடியிலும் கவனமாகப் போங்கள்.

இனி, கார் கதவு. இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதவே வேண்டாம். வண்டியை நிறுத்தும்போது முகப்பு காற்றைப் பார்த்திருக்கட்டும். பின்னாலிருந்து காற்று வந்தால், கதவைத் திறந்த நொடியில் கீலோடு முறுக்கிவிடும். பெரும்பாலான காப்பீடுகள் அந்தச் செலவை ஏற்பதில்லை. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திறக்கக் குழந்தைகளுக்கும் பழக்குங்கள்.

சாலையில்

வேக வரம்பு ஊருக்குள் மணிக்கு 50 கிலோமீட்டர், சரளைச் சாலையில் 80, தார்ச்சாலையில் 90. தார் முடிந்து சரளை தொடங்கும் இடத்தில்தான் பலர் கட்டுப்பாட்டை இழக்கிறார்கள். அதை அறிவிக்கும் பலகையைப் பார்த்ததும் வேகத்தைக் குறையுங்கள். முகப்பு விளக்கு பகலிலும் எரிய வேண்டும். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பாலங்கள் வரும். பாலத்துக்கு யார் அருகில் இருக்கிறாரோ அவர் முதலில் போவது வழக்கம், ஐயமிருந்தால் நின்றுவிடுங்கள். இரட்டைத் தட ரவுண்டானாவில் உள்தடத்தில் வருபவருக்கே முன்னுரிமை. ஆடுகள் கோடை முழுக்கத் திரியும். சாலையின் ஒரு பக்கம் தாயும் மறுபக்கம் குட்டியும் நின்றால், குட்டி குறுக்கே ஓடிவரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கச் சாலை நடுவே நிறுத்தாதீர்கள். சாலையை விட்டு இறங்கி ஓட்டுவது குற்றம். அங்கே பாசி மிக மெல்ல வளரும். டயர் பதித்த தடம் பல பத்தாண்டுகள் மாறாது.

தென்கிழக்கில் ஸ்காஃப்டாஃபெல் அருகே வண்டியை நிறுத்திக் கட்டாயம் இறங்கிப் பாருங்கள். அங்குள்ள மணல்வெளி ஆறுகள்மேல் 1974இல் பாலங்கள் எழுந்த பிறகே இந்த வட்டம் முழுமை அடைந்தது. 1996இல் வாட்னயோகுல் பனிப்பாறைக்கு அடியில் எரிமலை வெடித்து, உருகிய நீர் நவம்பரில் பெருவெள்ளமாக இறங்கிப் பாலங்களை அடித்துப்போனது. முறுக்கிய இரும்பு உத்தரங்களைச் சாலையோரம் இன்றும் வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பார்த்தவர் யாரும் சாலை மூடல் அறிவிப்பை அலட்சியம் செய்யமாட்டார்.

ரேனிஸ்ஃபியாரா கருமணல் கடற்கரையில் அலைக்கு முதுகு காட்டாதீர்கள். அமைதியாக இருந்த கடல் திடீரென்று ஏறிவந்து ஆட்களை இழுத்துப்போயிருக்கிறது.

பெட்ரோல், சாப்பாடு, உறக்கம்

டேங்க் பாதியானதும் நிரப்புங்கள். ஆளில்லாத பங்குகளில் பின் எண் உள்ள கார்டு வேண்டும். அதை வெளிநாட்டில் பயன்படுத்த அனுமதித்திருக்கிறார்களா என்று வங்கியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஓட்டல் விலை மிக அதிகம். போனுஸ் போன்ற கடைகளில் சாமான் வாங்கிச் சமைத்தால் பாதிச் செலவு மிச்சம். குளிர்ந்த குழாய்த் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். பாட்டில் வாங்கவே வேண்டாம்.

வேனில் தூங்குவதானால் முகாம் மைதானங்களுக்குப் போங்கள். கண்ட இடத்தில் நிறுத்தித் தூங்கக் கூடாது. சாயங்காலம் ஊரின் வெந்நீர் நீச்சல் குளத்துக்குப் போனால் நாளெல்லாம் ஸ்டியரிங் பிடித்த தோள்வலி இறங்கும். குளத்தில் இறங்குமுன் உடையின்றிச் சோப்புப் போட்டுக் குளிப்பது அங்கே கட்டாயம். யாரும் உற்றுப் பார்க்கமாட்டார்கள், கூச்சம் வேண்டாம்.

ஆபத்து என்றால் 112. அந்த எண்ணின் செயலியையும் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்; அதன் வழியே உதவி கேட்டால், நீங்கள் இருக்கும் இடத்தையும் அதுவே அனுப்பிவிடும்.

விமான நிலையம் இருக்கும் கெஃப்லாவிக், ரெய்க்யவிக்கிலிருந்து 50 கிலோமீட்டர். கடைசி இரவை அந்தப் பக்கமே கழியுங்கள். காலையில் காற்று எப்படியிருந்தாலும் விமானத்தைப் பிடித்துவிடலாம்.